கடலோரத்துப் புல்வெளிகள் இரண்டு: தாத்தாவை எங்கே அழைத்துப் போவது?

கோல்ப் என்றாலே நம் தோட்டத்து மக்களுக்குத் துரைமார்களின் ஞாபகம்தான் முதலில் வரும். முழங்கால் வரை காலுறை, தலையில் தொப்பி, கையில் வளைந்த மட்டை. அவருக்குப் பின்னால் தன்னைவிடக் கனமான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடக்கும் நம் லயத்துப் பையன். அந்தப் பையனுக்குக் 'கேடி' என்று பெயர். நம் தமிழில் கேடி என்றால் அர்த்தமே வேறு. "எங்க வீட்டுக் கேடி வந்துட்டான்" என்று சொல்லிச் சொல்லியே லயத்தில் சிரிப்பார்களாம்.

குடும்பப் பத்திரிகையில் கோல்ப் எதற்கு என்று சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம். ஆட்டக்காரர்களுக்கு மட்டைப் பிடி சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை; எனக்கே தெரியாது. புல்வெளியில் பதினெட்டுக் குழிகள், ஒரு சிறிய பந்து, யார் குறைந்த அடியில் பதினெட்டையும் முடிக்கிறாரோ அவர் கெட்டிக்காரர் என்ற அளவுக்குத்தான் என் ஞானம். இது ஒரு பயணக் கதை. உலகில் பேர்பெற்ற இரண்டு கடலோரக் கோல்ப் திடல்களில் எதைப் பார்க்கப் போவது என்று எங்கள் குடும்பத்தில் எட்டு மாதம் நடந்த வழக்கு இது.

வழக்குக்குக் காரணம் எங்கள் அப்பா. 1948-ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பத்து வயதில் கேடி வேலைக்குப் போனார். தோட்டத்துக் கிளப்பை ஒட்டி ஒன்பது குழித் திடல் ஒன்று இருந்தது. ஒரு சுற்றுக்கு ஐம்பது காசு. பிறகு மரம் வெட்டப் போய்விட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் பால்வெட்டு. 1990-களில் தோட்டம் கைமாறியது. கித்தா மரங்கள் சாய்ந்தன, லயங்கள் இடிந்தன, கோயில் சடக்கோரத்துக்கு நகர்ந்தது. ஒரு பக்கம் வீடுகள் எழுந்தன. மறுபக்கம் வந்தது என்ன தெரியுமா? பதினெட்டுக் குழியுள்ள கோல்ப் திடல். அப்பா அங்கேயே ஒரு குத்தகைக்காரரிடம் புல் வெட்டும் ஆளாகச் சேர்ந்தார். தாம் பால் வெட்டிய அதே நிரையில் பத்து வருஷம் புல் வெட்டினார். ஆட்ட நேரத்தில் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி வாழ்நாளின் இரு நுனியிலும் கோல்ப் திடலைத் தொட்டுக்கொண்டிருந்தவர், தொலைக்காட்சியில் அந்த ஆட்டம் வந்தால் இடத்தைவிட்டு எழமாட்டார். யார் ஜெயித்தார் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். "புல்லைப் பாரு, என்னா அழகா வச்சிருக்கான்" என்பார்.

அண்ணன் மகன் அமெரிக்காவில் சான் ஓசே நகரில் கணினி வேலை. என் மகள் ஸ்காட்லாந்தில் டண்டி நகரில் தாதி. இரண்டு பேரும் தாத்தாவை ஒருமுறையாவது அழைத்துப் பார்க்க வேண்டும் என்று நின்றார்கள். "தாத்தா, இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பெபல் பீச்" என்றான் பேரன். "தாத்தா, இங்கிருந்து பஸ் ஏறினா செயிண்ட் ஆண்ட்ரூஸ்" என்றாள் பேத்தி. இரண்டு பக்கத்துக்கும் போக எங்களிடம் காசு இல்லை. எழுபத்தைந்து வயசு முழங்காலும் இரண்டு பயணத்துக்குச் சம்மதிக்காது.

பசிபிக் கரையின் அழகி

பெபல் பீச்சை நான் 2017-ஆம் ஆண்டிலேயே பார்த்துவிட்டேன். அண்ணன் குடும்பத்தோடு காரில் போனோம். கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, மான்டரே என்ற தீபகற்பம். அதன் ஓரமாகவே வளைந்து போகிறது பதினேழு மைல் சாலை. 1880-களில் பணக்காரர்கள் குதிரை வண்டியில் உல்லாசமாகப் போய்வரப் போட்ட பாதை அது. இன்றைக்கும் அது தனியார் சாலைதான். வாசலில் ஒரு காருக்குப் பத்து டாலர் சொச்சம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் கட்டணம் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. நம் ஆட்கள் பாதிப் பேர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்!

உள்ளே போனால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கண் கொள்ளவில்லை. பாறைமேல் அலை மோதி நுரை சிதறுகிறது. கடற்பாசிக் காட்டுக்குள் நீர்நாய்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு வயிற்றின்மேல் சிப்பியை வைத்து உடைத்துத் தின்கின்றன. குழந்தைகள் அந்த இடத்தைவிட்டு வரவே மாட்டோம் என்றார்கள். ஒரு பாறையின் முனையில் தன்னந்தனியாக ஒரு சைப்ரஸ் மரம்; இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்கிறார்கள். அது விழுந்துவிடாமல் கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டுப் புயலில் அதன் பெரிய கிளை ஒன்று முறிந்தபோது, ஊரே துக்கம் கேட்டதாம். அந்தச் சைப்ரஸ் இனம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே இந்தக் கரையின் இரண்டு தோப்புகளில்தான்.

திடல் 1919-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வரைந்தவர்கள் ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் என்ற இருவர். நிலத்தை நிர்வகித்தவர் சாமுவேல் மோர்ஸ். தந்தியைக் கண்டுபிடித்த மோர்ஸுக்கு இவர் தூரத்து உறவு, பெயரும் அதே பெயர். இந்தத் தந்தி விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. ஏழாவது குழி நூறு கெஜத்துக்குச் சற்றே அதிகம். மேட்டிலிருந்து கீழே கடலைப் பார்த்து அடிக்க வேண்டும். காற்று எதிர்த்தால் பந்து எங்கே விழும் என்பது கடலுக்கே வெளிச்சம். பதினெட்டாவது குழி கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே நீளமாகப் போகிறது. விடுதியின் பின்புறம் நின்று அந்தக் கடைசிக் குழியைப் பார்க்க எங்களை யாரும் தடுக்கவில்லை. அதைத் தாண்டி ஒரு காலடி வைக்க வேண்டுமானால் காசு வேண்டும். இன்றைய தேதியில் ஒருவர் ஒரு சுற்று ஆட 600 டாலருக்கு மேல். நம் காசுக்கு இரண்டாயிரம் வெள்ளிக்கும் மேலே போகிறது. முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டுமென்றால் அவர்களுடைய விடுதியிலேயே தங்கவும் வேண்டும்.

இந்த இடம் கைமாறிய கதையை அப்பாவிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1990-ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொழிலதிபர் ஒருவர் ஏறக்குறைய 84 கோடி டாலருக்கு இதை வாங்கினார். இரண்டே வருஷத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் இன்னொரு ஜப்பானியக் குழுவிடம் விற்றார். 1999-இல் நடிகர் கிளிண்ட் ஈஸ்ட்வுட், ஆட்டக்காரர் ஆர்னால்ட் பாமர் முதலியோர் அடங்கிய குழு 82 கோடி டாலருக்குத் திரும்ப வாங்கியது. "அங்கேயும் தோட்டம் விக்கிற மாதிரிதான் விக்கிறானா?" என்றார் அப்பா. அதே கரையில் ஒரு காலத்தில் சீன மீனவர்களின் கிராமங்கள் இருந்தன. பக்கத்துப் பசிபிக் குரோவிலிருந்த பெரிய கிராமம் 1906-ஆம் ஆண்டில் தீக்கு இரையானது. மறுபடி கட்டிக்கொள்ள அவர்களுக்கு வழிவிடவில்லை.

பேரன் பக்கத்துக்கு ஒரு பலமான சாட்சியும் உண்டு. விஜய் சிங். பிஜித் தீவில் பிறந்த இந்தியர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் சந்ததியார் வாழும் தீவு அது. விஜய் சிங் 1984-இல் நம் மலேசிய பி.ஜி.ஏ. போட்டியில் வென்றவர். அதன் பிறகு கெட்ட காலம் வந்து, சபாவில் கெனிங்காவிலும் சரவாக்கில் மிரியிலும் கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். அதே மனிதர் 2004-இல் பெபல் பீச் போட்டியில் வென்றார். அந்த வருஷமே உலகின் முதல் நிலை ஆட்டக்காரராகவும் ஆனார். கேடிகளாகத் தொடங்கிய நம் பிள்ளைகள் பலருக்கு அவர் ஒரு கனவு. மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்று மலேசியாவின் பெயர் சொல்ல ஆடிய நம்மவர்களும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விடக்கூடாது.

ஊர் மக்களின் புல்

செயிண்ட் ஆண்ட்ரூஸ் அழகில் பெபல் பீச்சுக்குக் கிட்டே வராது. படத்தில் பார்த்தபோது அண்ணன் கேட்டார்: "இது என்னம்மா, மாடு மேயிற பொட்டல் மாதிரி இருக்கே?" மேடும் பள்ளமுமாக மரமே இல்லாத வெளி. ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் சாம்பல் நிறக் கல் வீடுகள். கல் வீடுகளின் வாசலிலேயே முதல் குழியும் கடைசிக் குழியும். ஊருக்குள் போகும் சிறு பாதை ஒன்று அந்த இரண்டு குழிகளுக்கும் குறுக்கே ஓடுகிறது. ஆட்டக்காரர் காத்திருக்க, ஊர்க்காரர் நடந்து போகிறார்.

இந்தப் பழைய திடலை வரைந்தவர் என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது. கடல் பின்வாங்கிவிட்டுப் போன மணல் வெளி அது. உழவுக்கு ஆகாது. ஆடு மேய்த்தார்கள், முயல் பிடித்தார்கள், துணி காயப்போட்டார்கள், பந்து அடித்தார்கள். காற்றுக்குப் பயந்து ஆடுகள் ஒடுங்கிய பள்ளங்களே பிற்பாடு மணற்குழிகள் ஆயின என்று சொல்வார்கள். அப்படி 112 மணற்குழிகள் இருக்கின்றன. பதினான்காவது குழிக்குப் போகும் வழியில் உள்ள பெரியதற்கு 'நரகம்' என்றே பெயர். 1457-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அரசர் இரண்டாம் ஜேம்ஸ், ஜனங்கள் வில்வித்தையை விட்டுவிட்டு இதையே ஆடுகிறார்கள் என்று கோல்பைத் தடைசெய்தார். தடை நிற்கவில்லை. 1552-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று, அந்த வெளியில் ஆடவும் மேய்க்கவும் ஊர்மக்களுக்குள்ள உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டது. 1764-இல் இருபத்திரண்டு குழி ஆட்டத்தைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். உலகம் முழுவதும் இன்று பதினெட்டுக் குழி என்பது அங்கிருந்து வந்த கணக்கு.

இனித்தான் முக்கியமான இடம். 1797-இல் அந்த நகராட்சி கடனில் மூழ்கி, இந்த நிலத்தை விற்றுவிட்டது. அடுத்து வந்த உரிமையாளர்கள் முயல் வளர்க்கும் வியாபாரிகள். ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் இருபது வருஷத்துக்கு மேல் சண்டை, நீதிமன்றம், வழக்கு. ஊர்மக்கள் விடவில்லை. 1821-இல் பக்கத்து நிலக்கிழார் ஒருவர் வாங்கிக் கோல்புக்கென்று காப்பாற்றினார். 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிலம் நகராட்சியின் கைக்கே திரும்பிவிட்டது. 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் அறக்கட்டளை அதை நிர்வகிக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ஆண்டுச் சீட்டு மலிவு. வெளியூர்க்காரரும் ஆடலாம், ஆனால் ஆட்டத்தகுதிச் சான்று வேண்டும், குலுக்கலில் பெயர் விழவேண்டும், 300 பவுனுக்கு மேல் கட்டவேண்டும். அதுவும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத விலைதான்.

ஞாயிற்றுக்கிழமையோ, பழைய திடலில் ஆட்டமே கிடையாது! பெரிய போட்டி நடக்கும் ஞாயிறுகளைத் தவிர, வாரம் தவறாமல் புல்லுக்கு ஓய்வு. அன்றைக்கு அது ஊரின் பூங்கா. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு, நாயைப் பிடித்துக்கொண்டு, எவர் வேண்டுமானாலும் நடக்கலாம். சீட்டும் கிடையாது, காவலும் கிடையாது.

இதை மகள் தொலைபேசியில் சொன்னதும் அப்பா, "நெசமாவா? குழி வரைக்கும் போலாமா?" என்று இரண்டு முறை கேட்டார். வழக்கு அங்கேயே பாதி முடிந்தது. மீதியை விசா முடித்துவைத்தது. அமெரிக்கா போக மலேசியர்களுக்கு நேர்காணலோடு விசா வேண்டும். சிங்கப்பூர் வாசகர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரிட்டனுக்கு நாங்கள் போன சமயத்தில் வெறும் கடவுச்சீட்டே போதும். 2025-ஆம் ஆண்டு முதல் இணையத்தில் முன்னனுமதி ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

துரைமார் புகழை நான் இங்கே பாடவில்லை. அந்தத் திடலின் தலைமாட்டில் கம்பீரமாக நிற்கிறதே ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் என்ற மாளிகை, அது 1754-இல் தொடங்கிய சங்கத்துடையது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அதற்கு 2014-ஆம் ஆண்டு வரை மனம் வரவில்லை. மாளிகை அவர்களுடையது, புல் ஊருடையது. நம் நாட்டிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர். நிலம் யார் கையில் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் பழைய பேச்சு.

அருங்காட்சியகத்தில் ஒரு கித்தா உருண்டை

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் புறப்பட்டோம். எடின்பரோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 1890-இல் கட்டிய அந்தப் பிரம்மாண்டமான இரும்புப் பாலத்தைத் தாண்டும்போது அப்பா எழுந்தே நின்றுவிட்டார். செயிண்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் நிலையம் இல்லை. லூக்கர்ஸ் என்ற இடத்தில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிஷம் பஸ். ஜூன் மாதம் அவர்களுக்குக் கோடை. நமக்கோ கேமரன் மலைக் குளிர், அதோடு கடற்காற்று. காலையில் கடலிலிருந்து ஒரு பனிமூட்டம் ஏறி வந்து ஊரையே மூடுகிறது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது.

சனிக்கிழமை மூட்டமாக இருந்ததால் கோல்ப் அருங்காட்சியகத்துக்குப் போனோம். பேத்தி தாத்தாவின் கையைப் பிடித்து ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் இறகுப் பந்து. தோலைத் தைத்து, அதற்குள் வேகவைத்த வாத்து இறகை ஒரு தொப்பி நிறைய அடைத்துச் செய்வது. கைதேர்ந்தவரும் நாளுக்கு மூன்று நாலுதான் செய்ய முடியும். யானை விலை, மழையில் நனைந்தால் பாழ். அடுத்த பெட்டியில் கறுத்துப்போன ஓர் உருண்டை. பேத்தி படித்தாள்: "குட்டா பெர்ச்சா, 1848." அப்பா நின்றுவிட்டார்.

"என்னாம்மா சொன்ன? கித்தாவா?"

கித்தாவேதான்! மலாய்க்காரரின் 'கெத்தா' என்ற சொல் நம் வாயில் கித்தா ஆயிற்று. வெள்ளைக்காரர் வாயில் குட்டா ஆயிற்று. நாம் பால் வெட்டிய மரம் இதுவன்று. அந்த மரம் பிரேசிலிலிருந்து விதையாக வந்து 1877-இல்தான் சிங்கப்பூரில் காலூன்றியது. குட்டா பெர்ச்சா அதற்கு முன்பே நம் காடுகளில் இருந்த தாபான் மரத்தின் பால். சுடுநீரில் போட்டால் மாவு மாதிரி இளகும். ஆறினால் கல் மாதிரி இறுகும். 1843-இல் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் மான்ட்கோமரி அதன் மாதிரியை லண்டனுக்கு அனுப்பினார். ஐந்தே வருஷத்தில் அது கோல்ப் பந்து ஆகிவிட்டது. கிழக்கிலிருந்து ஒரு விஷ்ணு சிலையை உடையாமல் அனுப்ப இந்தக் கித்தாவைச் சுற்றிலும் அடைத்திருந்தார்கள், அதைப் பார்த்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் மாணவர் ஒருவர் உருட்டிப் பந்து செய்தார் என்று ஒரு கதையும் உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குப் பெருமாள் அங்கேயும் போயிருக்கிறார் என்பதில் ஒரு சந்தோஷம்.

கித்தாப் பந்து மலிவு. அதுவரை காசுள்ளவர் ஆட்டமாக இருந்தது, தச்சரும் கடைக்காரரும் ஆடும் ஆட்டமாகப் பரவியது இந்தப் பந்தால்தான். இறகுப் பந்துத் தொழிலாளிகளின் பிழைப்பில் மண் விழுந்தது. அந்த ஊரின் பெரிய பந்துக்காரர் ஆலன் ராபர்ட்சனுக்கும் அவரிடம் தொழில் கற்ற டாம் மோரிஸுக்கும் இதனாலேயே மனத்தாங்கல் ஏற்பட்டு மோரிஸ் ஊரைவிட்டே போனார். பின்னாளில் திரும்பி வந்து, அந்தத் திடலின் புல்லைக் காக்கும் வேலையை ஏறக்குறைய நாற்பது வருஷம் செய்தார். தோட்டக்காரராகவும் ஆட்டத்தில் மன்னராகவும் இருந்த அவருடைய கல்லறை அந்த ஊர் இடிந்த பேராலயத்து முற்றத்தில் இருக்கிறது.

நம் காட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? தாபான் மரத்தில் நாம் செய்கிற மாதிரி கோடு போட்டுத் தினமும் பால் எடுக்கும் முறை இல்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். பந்துக்குப் போனது கொஞ்சம். கடலடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதுதான் மிகப் பெரும்பகுதி. மோர்ஸின் தந்தியை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். 1898-இல் அமெரிக்காவில் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்தார். 1902-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் அந்தப் பந்தோடு ஆடியவர் வென்றார். கித்தா உருண்டையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் கோல்ப் பந்தின் வயிற்றில் இருந்தது ரப்பர் நூல். மலாயாத் தோட்டங்கள் உலகின் ரப்பர் சந்தையை நிரப்பிய காலமும் அதுவே. இன்றைக்குப் பந்துக்குள் இருப்பது செயற்கை ரப்பர்.

அப்பா அந்தப் பெட்டிமுன் வெகுநேரம் நின்றார். "நாம பையை மட்டுந்தான் தூக்கினோம்னு நெனச்சேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நடை

மறுநாள் பனி விலகிவிட்டது. முதல் குழியருகில் யாரோ ஒரு பாட்டி நாய்க்குக் குச்சி வீசிக்கொண்டிருந்தார். நாங்கள் சேலையோடும் சுவெட்டரோடும் புல்லில் இறங்கினோம். அப்பா மட்டும் ஓரத்திலேயே நின்றார். "வாங்க தாத்தா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று பேத்தி இழுத்தாள். அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அந்தக் குளிரில்! பழைய நாளில் கேடிகள் திடலுக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும். இன்று கட்டாயம் ஏதும் இல்லை, கால் கேட்டிருக்கிறது. மகள் கெஞ்சியதன் பேரில் காலுறையை மட்டும் விட்டுவைத்தார்.

அதற்குப் பிறகு எங்களை விட்டுவிட்டு அவர் முன்னால் நடந்தார். கையால் புல்லைத் தடவிப் பார்த்தார். நம் ஊர் மாட்டுப்புல் போல அகல இலை இல்லை, ஊசி மாதிரி. தரை கெட்டி, அடியில் மணல். "மழை பேஞ்சாத் தண்ணி நிக்காது. நமக்கு அங்க காவா வெட்டியே முதுகு போச்சு" என்றார். இரண்டு குழிகளுக்குச் சேர்த்து ஒரே பெரிய புல்தட்டு என்று அங்கே ஏழு இருக்கின்றன. அவற்றில் இரண்டு கொடி பறக்கும். இரண்டு குழி எண்களையும் கூட்டினால் பதினெட்டு வரும். அப்பா இதைத் தொலைக்காட்சியிலேயே கவனித்து வைத்திருக்கிறார். எங்களுக்கு அவர்தான் சொன்னார்!

ஓடையின்மேல் ஒரு சின்னக் கல் பாலம். மேய்ப்பர்கள் ஆடு ஓட்டிப்போகக் கட்டியது, எழுநூறு வருஷப் பழமை. ஜாக் நிக்லஸ் 2005-இல் இதன்மேல் நின்றுதான் கையசைத்து விடைபெற்றார். படம் பிடிக்க அங்கே வரிசை. அந்த ஓடைப் பக்கம் ஒரு காலத்தில் ஊர்ப் பெண்கள் துணி துவைத்தார்களாம். காயும் துணிமேல் பந்து விழுந்தால் துணியை உருவிக்கொள்ளலாம், வாளி பக்கத்தில் விழுந்தால் வாளியை நகர்த்தலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு விதிப்புத்தகத்திலேயே எழுதியிருந்தது. துணி துவைக்கிறவளுக்கும் ஒரு விதி! எனக்குப் பிடித்துப்போனது அந்த ஊரில் இதுதான்.

பக்கத்திலேயே மேற்கு மணல் கடற்கரை நீண்டு கிடக்கிறது. 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் ஓட்டக்காரர்கள் அலையோரம் ஓடிவருவார்களே, அந்த மணல். பிள்ளைகள் அங்கே ஓடிவிட்டார்கள். 1413-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், இடிந்த கோட்டை, பேராலயம் எல்லாம் நடந்தே பார்க்கும் தூரம்.

திங்கட்கிழமை அப்பா கோல்ப் ஆடினார். ஆமாம், செயிண்ட் ஆண்ட்ரூஸில்! பழைய திடலை ஒட்டி மேடும் பள்ளமுமாய் ஒரு புல்வெளி, பெயர் 'இமாலயாஸ்'. 1867-இல் பெண்கள் தொடங்கிய சங்கத்துடையது. சான்றும் வேண்டாம், குலுக்கலும் வேண்டாம். சில பவுன் கொடுத்தால் ஒரு மட்டையும் ஒரு பந்தும் தருவார்கள். உருட்டிக் குழியில் விட வேண்டியதுதான். குடும்பத்தோடு போகிறவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. பந்து மேடேறி மறுபடி நம் காலடிக்கே திரும்பி வருவதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து சரிவைப் பார்த்தார், பேத்திக்கு இடம் காட்டினார், தாமும் அடித்தார். துரைக்குச் சரிவு பார்த்துச் சொன்ன கண் அது. எங்கள் நாலு பேரில் மிகக் குறைந்த அடி அவருடையதுதான்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஞாயிறு உட்படத் தங்குமாறு நாள் குறியுங்கள். காற்றுத் தடுக்கும் சட்டை அவசியம். 2027-ஆம் ஆண்டுக் கோடையில் பெரிய போட்டிகள் இரண்டுக்குமே இந்த இரண்டு திடல்கள்தான் குறிக்கப்பட்டிருக்கின்றன: ஜூனில் பெபல் பீச், ஜூலையில் செயிண்ட் ஆண்ட்ரூஸ். 2000-ஆம் ஆண்டிலும் இப்படித்தான் அமைந்தது. அன்று இரண்டிலும் வென்றவர் டைகர் வூட்ஸ். அந்த வாரங்களில் அறை வாடகை எகிறும், ஞாயிற்று நடையும் கிடையாது. ஆகவே அந்தச் சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அண்ணன் மகன் இன்னும் விட்டபாடில்லை. போன மாதம் நீர்நாய் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். அப்பா அதை மூன்று முறை பார்த்துவிட்டு, விசா நேர்காணலில் என்னென்ன கேட்பார்கள் என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார்.